நம்பிக்கை வசதி உள்ளவர்களுக்கு மட்டுமா?

வாசகர் கேள்வி, 2024 பிப்ரவரி 17

டீச்சர், கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று நீங்கள் மகிழ்ந்து எழுதிய நான்கு வரிகளைப் படித்தேன். 2018-இல் விற்கத் தொடங்கிய பத்திரம். ஆறு ஆண்டுகள் கொடுத்தவன் கொடுத்தான், வாங்கியவன் வாங்கினான், நடுவில் ஒரு மக்களவைத் தேர்தலே முடிந்துவிட்டது. இப்போது செல்லாது என்றால் யாருக்கு என்ன லாபம்? உங்களைப் போன்ற லிபரல்களுக்கு நம்பிக்கை ஓய்வூதியம் மாதிரி மாதாமாதம் தானாக வந்துவிடுகிறது. இந்த நாட்டில் மாறியதெல்லாம் தெருவில் இறங்கி அடி வாங்கியவர்களால் மாறியது. சட்டத்தால் மாறியது என்று ஒன்றே ஒன்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி 18, காலை

ஓய்வூதியம் தானாக வருவதில்லை தம்பி. ஆண்டுதோறும் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று காட்ட வேண்டும்.

ஒன்று கேட்டீர்கள். சுயமரியாதைத் திருமணம்.

1920களின் கடைசியிலிருந்து புரோகிதரும் மந்திரமும் இல்லாமல் நம் ஊர்களில் திருமணங்கள் நடந்தன. தெருவில் இறங்கியவர்கள் செய்த வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு திருமணத்தைப் பார்த்து, இது இந்து சட்டப்படி திருமணமே இல்லை என்று சொல்லிவிட்டது. கூட்டம் போட்டுக் கண்டிக்கலாம், கண்டித்தார்கள். கண்டனத் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணவன் சொத்தைக் கேட்க முடியுமா? அண்ணா முதலமைச்சரான பிறகு, 1967-இல்தான் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் முன்னிலையில் தமக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, மாலை மாற்றினாலும் சரி, மோதிரம் அணிவித்தாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, திருமணம் செல்லும். அதற்கு முன்பே அப்படி நடந்தவையும் செல்லும் என்று எழுதியதுதான் அந்தச் சட்டத்தின் சாமர்த்தியம்.

என் பெரியம்மாவின் திருமணம் 1950களின் நடுவில் அப்படி நடந்தது. ஊரறிந்த மனைவி, சட்டமறியாத மனைவி என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார். கேலிக்கு அடியில் எவ்வளவு பயம் இருந்தது என்பது, பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது அவர் எந்தக் காகிதங்களைத் தேடினார் என்பதைப் பார்த்த எங்களுக்குத் தெரியும். அதற்குள் 7ஏ வந்துவிட்டிருந்தது.

பிப்ரவரி 18, இரவு

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கட்சியே தெருவிலிருந்து வந்த கட்சிதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம். தெருவா சட்டமா என்று பட்டிமன்றம் வைக்க எனக்கு ஆசையில்லை. தெருவில் கிடைத்ததைத் திருப்பிப் பிடுங்க முடியாதபடி எப்படிப் பூட்டுவது என்பதுதான் என் கவலை.

ஒப்புக்கொள்கிறேன் என்ற தம்பி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. காத்திருக்கிறேன், எங்களுக்குத்தான் பொறுமை அதிகமாயிற்றே.

பிப்ரவரி 24

"சட்டம் புத்தகத்தில் இருக்கும், வீட்டில் இருக்காது" என்று எழுதியிருக்கிறார். சரி, வீட்டுக் கதையே சொல்கிறேன்.

பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929-இல். பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்று தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது 1989-இல். இடையில் அறுபது ஆண்டுகள். அதற்கு நடுவே அம்பேத்கர் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைக் கொண்டுவந்து, அது முடக்கப்பட்டதால் 1951-இல் அமைச்சர் பதவியையே விட்டுப் போனார். பிறகு துண்டு துண்டாக வந்த சட்டங்களில், 1956-இல் வந்த ஒன்று மகளுக்கு அப்பாவின் பங்கில் ஒரு பங்கு கொடுத்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமாக நிறுத்தவில்லை.

1989 சட்டம் வந்தபோது எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் இனிப்பு வழங்கினார்கள். நானும் ஒன்று எடுத்துத் தின்றேன். அதன்பின்தான் முழுச் செய்தியையும் படித்தேன். அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமான மகள்களுக்கு அது பொருந்தாது. எனக்குத் திருமணம் 1986-இல்.

அம்மா முன்பே போய்விட்டார். அப்பா 2003-இல் இறந்தார், உயில் இல்லை. அண்ணன்மார் இருவர், நான் ஒருத்தி. அன்றைய கணக்குப்படி அப்பாவும் இரண்டு மகன்களும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அப்பாவின் அந்தப் பங்கை நாங்கள் மூவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆக எனக்கு ஒன்பதில் ஒன்று. 2005 செப்டம்பரில் மத்திய சட்டம் திருத்தப்பட்டது, திருமணமான மகளும் மகனைப் போலவே பங்காளி என்று. அடடா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2015-இல் உச்ச நீதிமன்றம், சட்டம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. சாய்ந்து உட்கார்ந்தேன். 2020 ஆகஸ்ட் 11-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, உரிமை பிறப்பால் வருவது, அப்பா அன்று இருந்தாரா இல்லையா என்பது பொருட்டே இல்லை என்றது. இப்போது கணக்கு மாறிவிட்டது. அப்பாவையும் சேர்த்து நான்கு பங்காளிகள், ஆளுக்குக் கால் பங்கு. அப்பாவின் கால் பங்கில் மூன்றில் ஒன்று பன்னிரண்டில் ஒன்று. கூட்டினால் சரியாக மூன்றில் ஒன்று. நான் ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கே வேடிக்கையாக இருந்தது.

இதெல்லாம் புத்தகம் என்பீர்கள். அடுத்தது வீடு. அண்ணன்மார் நிலத்தை விற்க ஆள் பார்த்தார்கள். வாங்க வந்தவரின் வக்கீல் வில்லங்கச் சான்றைப் பார்த்தார், வாரிசுச் சான்றிதழைப் பார்த்தார், அதில் மூன்று பெயர் இருந்தது. தங்கை கையெழுத்து இல்லாமல் முன்பணம் கூடக் கொடுக்காதீர்கள் என்று வாங்குபவரிடம் சொல்லிவிட்டார். மறு வாரம் இரண்டு அண்ணன்மாரும் பட்டுப்புடவை, பழத்தட்டு சகிதம் என் வீட்டு வாசலில். தட்டுக்கு அடியில் பத்திர எழுத்தர் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தின் நகல். நகையும் சீர்வரிசையும் பெற்றுக்கொண்டுவிட்டதால் மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு உரிமையும் பாத்தியதையும் இல்லை என்று அழகாக எழுதியிருந்தது.

காப்பி கொடுத்தேன். தொகை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். பெரியண்ணன், "நமக்குள் என்னம்மா தொகை?" என்றார். நமக்குள் என்றால் பத்திரம் எதற்கு அண்ணா என்றேன்.

பேசிப் பேசி முடிந்த தொகை ஒன்பதில் ஒன்றைவிட நிறைய அதிகம், மூன்றில் ஒன்றைவிடக் கொஞ்சம் குறைவு. வழக்குப் போட்டிருந்தால் முழுதும் கிடைத்திருக்கலாம், என் பேரன் வாங்கியிருப்பான். அண்ணன்மாரின் மனம் மாறவில்லை. இன்றுவரை, வாழப்போன வீட்டில் இருந்துகொண்டு பிறந்த வீட்டை உடைத்தவள் என்றுதான் பேச்சு. மாறியது, முன்பின் தெரியாத ஒரு வக்கீலின் பயம். நாளை இந்தப் பெண் வழக்குப் போட்டால் என் கட்சிக்காரர் பணம் போய்விடுமே என்ற பயம். 1929 தீர்மானத்துக்கும் என் வீட்டு வாசலுக்கும் நடுவே கடைசிக் கண்ணியாக நின்றவர் அவர். அவருக்குப் பெரியாரும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அம்பேத்கரும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 25

புடவை என்ன ஆயிற்று என்று கேட்டு நிறையப் பேர். கட்டிக்கொண்டேன். நல்ல நிறம்.

பிப்ரவரி 27

ஒரு பெண் வாசகர் எழுதியிருப்பது என்னை இரண்டு நாளாக அரிக்கிறது. "உங்களுக்குச் சம்பளம் இருந்தது, கேட்டீர்கள். நான் கேட்டால் அண்ணன் வீட்டுப் படி ஏற முடியாது. கணவன் இல்லாத எனக்கு அந்தப் படிதான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்."

இதற்கு எந்தத் தீர்ப்பிலும் பதில் இல்லை. உரிமை என்னிடம் வந்தது சட்டத்தால். கையெழுத்துப் போடாமல் காப்பி கொடுத்து உட்கார்ந்திருக்க முடிந்தது மாதச் சம்பளத்தால். இந்த இரண்டாவதை நாங்கள், அதாவது உரிமை உரிமை என்று பேசுகிற கூட்டம், பேச்சில் அடிக்கடி விட்டுவிடுகிறோம்.

1989-ஐத் திரும்பிப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. அதே ஆண்டுதான் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டமும் வந்தது. குறிப்பிட்ட வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு அரசு பணம் தரும். எனக்கு அப்போது எரிச்சல்தான். பெண்ணைப் படிக்க வைக்கக் கல்யாணத்தையா தூண்டிலாகப் போடுவது? ஆனால் வகுப்பறையில் நின்று பார்த்தவள் நான். "பணம் வருமாம், பரீட்சை வரை இருக்கட்டும்" என்று அப்பாக்கள் விட்டு வைத்த பெண்கள் என் கண் முன்னால் பத்தாம் வகுப்பு எழுதினார்கள். எழுதியவர்களில் சிலர் அதன்பின் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை என்பது திட்டத்தை வகுத்தவர்கள் எதிர்பார்த்தார்களா, தெரியவில்லை. 2022-இல் அந்தத் திட்டத்தையே மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி போனால் மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கிவிட்டார்கள். தூண்டிலிலிருந்து கல்யாணத்தைக் கழற்ற முப்பத்து மூன்று ஆண்டு.

மார்ச் 9

தம்பி கோபமாக எழுதியிருக்கிறார். "படிப்படியாக என்கிற சொல்லை மேலவளவில் போய்ச் சொல்லிப் பாருங்கள்."

சொல்ல மாட்டேன். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் நின்று வென்றார். 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து ஊருக்குத் திரும்பிய பஸ்ஸை நிறுத்தி அவரையும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அவர் நம்பிய காகிதமும் நான் மேலே புகழ்ந்த காகிதமும் ஒரே அரசமைப்பின் காகிதம்தான். தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019-இல் அரசு முன்கூட்டியே விடுவித்தது. நம்பிக்கை பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது மரியாதை.

ஆனால் அதே மதுரைப் பக்கத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சிகளையும் விட்டுவிட்டுப் பேசுவதும் நியாயமில்லை. அங்கும் 1996 முதல் தலைவர் பதவி ஒதுக்கீடு. பத்து ஆண்டுகள் யாரையும் பதவியில் இருக்க விடவில்லை. மனுத் தாக்கலுக்கு ஆள் வராது. வந்தால் மிரட்டல். வென்றவர் பதவியேற்ற கையோடு ராஜினாமாக் கடிதம் கொடுப்பார். அதிகாரிகள் மறுபடி தேர்தல் அறிவிப்பார்கள், மறுபடி இதே நாடகம்.

அந்த ஆண்டுகளில் ஆசிரியர் சங்கக் கூட்டம் ஒன்றில் மூத்தவர் ஒருவர் எழுந்து, எதற்கு இந்த வீண் செலவு, ஒதுக்கீட்டைப் பக்கத்து ஊராட்சிக்கு மாற்றிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்றார். நல்ல மனிதர். யாருக்கும் அடிபடக்கூடாது என்ற எண்ணத்தில்தான் சொன்னார். கேட்டவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். மாற்றியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும், தலையாட்டியவர்கள் நினைத்த விதத்தில் அல்ல. எல்லா ஊரும் ராஜினாமா என்ற வித்தையைக் கற்றுக்கொண்டிருக்கும். 2006 அக்டோபரில் தேர்தல் நடந்தது, நான்கு ஊரிலும் தலைவர்கள் வந்தார்கள், நாற்காலியில் தங்கினார்கள். அரசு பிடிவாதமாக நின்றது, அன்றைய மதுரை ஆட்சியர் உதயசந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் பல ஆண்டு விடாமல் தொந்தரவு கொடுத்தார்கள். யாருக்கு எவ்வளவு புகழ் என்று எடை போட எனக்குத் தெரியாது.

அலுவலகச் சுவரில் அதே அறிவிப்பை மறுபடி ஒட்டிய கடைநிலை ஊழியரை நினைத்துக்கொள்கிறேன். அவருக்கு அதில் நம்பிக்கை இருந்திருக்குமா? தேவையே இல்லை, ஒட்டினார்.

மார்ச் 10

"உங்கள் கதாநாயகர்கள் எல்லோரும் வக்கீல்களும் அலுவலக ஊழியர்களுமா?" என்று ஒருவர். ஆமாம், கவிதை எழுத வராத கூட்டம் எங்களுடையது.

மார்ச் 15

தேர்தல் பத்திரப் பட்டியலை நேற்று தேர்தல் ஆணையம் வெளியிட்டது. யார் வாங்கினார்கள் என்பது ஒரு கோப்பில், எந்தக் கட்சி பணமாக்கியது என்பது இன்னொன்றில். இரண்டையும் பொருத்துகிற எண் இல்லை. தம்பி சிரித்துவைத்திருக்கிறார். சிரிக்கட்டும்.

மார்ச் 22

எண்ணும் வந்துவிட்டது. இப்போது நான் சிரிக்கலாமா? வேண்டாம். பட்டியலைப் படிக்கப் படிக்கச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 20

நேற்று வாக்களித்தேன். ஓய்வு பெற்ற பிறகு வாக்குச்சாவடிக்குள் ஒரு வாக்காளராக மட்டும் நுழைவது இன்னமும் பழகவில்லை. கண் தானாக முகவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், மறைப்பு அட்டை சரியாக இருக்கிறதா என்று தேடுகிறது.

தலைமை அலுவலராகப் பல தேர்தல்களில் பணி செய்தவள். முந்தின நாள் மாலையே பெட்டியோடு போய், கழிப்பறை வேலை செய்யாத பள்ளியில் இரவு படுத்து, விடியுமுன் எழுந்து மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, அதை அழித்து, பூஜ்யம் காட்டி, முகவர்களிடம் கையெழுத்து வாங்கி, ஏழு மணிக்குக் கதவு திறப்பது. இரவில் 17சி படிவத்தில் மொத்த எண்ணிக்கையை எழுதி முகவர்களுக்கு நகல் கொடுப்பது. ஒரு வாக்கு கணக்கில் உதைத்தால் பஸ் வந்து நின்றாலும் ஏற முடியாது.

ஒரு தேர்தலில் நடுவயதுக்காரர் ஒருவர் மனைவியின் தோளைப் பிடித்தபடி மறைப்புக்குள் கூடவே போகப் பார்த்தார். அவளுக்கு ஒன்றும் தெரியாது டீச்சர், நான் காட்டிக் கொடுக்கிறேன் என்றார். கண் தெரியாதவர், தானாகப் பொத்தானை அழுத்த முடியாதவர் தவிர யாருக்கும் துணை கிடையாது, வெளியே நில்லுங்கள் என்றேன். அந்த அம்மா உள்ளே போனார். நேரம் ஆனது. வரிசையில் முணுமுணுப்பு. பீப் ஒலி வர எவ்வளவோ நேரம் ஆயிற்று. வெளியே வந்தவர் கணவர் பக்கம் பார்க்காமல் என்னைப் பார்த்து, "போட்டாச்சு" என்றார். யாருக்கு என்பது அவருக்கும் அந்த இயந்திரத்துக்கும் மட்டும் தெரிந்த செய்தி. கணவர் சொன்ன சின்னத்துக்கே போட்டிருக்கலாம். இருந்தால் என்ன?

1951–52 முதல் பொதுத்தேர்தலில் வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல், பெரும்பாலானோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பட்டியல் எடுக்கப் போனபோது வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்லவில்லை, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே சொன்னார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்படிப்பட்ட பதிவுகளை ஏற்கவில்லை. ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இல்லாமல் போனார்கள். கொடுமை என்று அன்றே விமர்சனம் எழுந்தது. அடுத்த தேர்தலுக்குள் பெயர் சொல்ல வைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அவர் செய்தது சரியா என்று நான் பலமுறை மாற்றி மாற்றி நினைத்திருக்கிறேன். ஒரு தலைமுறைப் பெண்ணின் ஒரு வாக்கைப் பறித்துத்தான் அவளுக்குப் பெயர் கொடுக்க வேண்டுமா? இன்று கேட்டால் கூடாது என்பேன். தோளைப் பிடித்துக்கொண்டு வந்த அந்தக் கணவரை நினைக்கும்போது மட்டும் கொஞ்சம் தடுமாறுகிறேன்.

ஏப்ரல் 27

"லிபரல் என்றால் இடஒதுக்கீட்டுக்கு எதிரி என்றுதானே பொருள்? தனிமனித உரிமை என்று பேசிப் பேசியே எங்களை வெளியே நிறுத்தினீர்கள்." புதிதாக வந்த ஒருவர்.

இந்தக் குற்றச்சாட்டுக்கு வரலாறு உண்டு. நம் பக்கத்தில் லிபரல் என்ற பெயரைச் சுமந்தவர்கள் சீனிவாச சாஸ்திரி போன்ற பெரியவர்கள். ஆங்கிலம் மணக்கப் பேசுவார்கள், கேட்கக் கூட்டம் இருக்கும், பின்னால் வரக் கூட்டம் இருக்காது. பிறகு ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கினார். லைசென்ஸ், பர்மிட் ஆட்சியை அவர் எதிர்த்ததில் இன்று பலருக்கு உடன்பாடு இருக்கும். 1967-இல் மக்களவையில் 44 இடம் பிடித்த கட்சி அடுத்த சில ஆண்டுகளில் காணாமல் போனது. ஜமீன்தாரும் சமஸ்தானத்து ராஜாவும் மேடையில் உட்கார்ந்துகொண்டு சுதந்திரம் பேசினால் கூலிக்காரன் ஏன் கைதட்டுவான்?

ஆனால் 1951-ஐப் பாருங்கள். அரசமைப்பின் முதல் திருத்தத்துக்குக் காரணமானவற்றில் இரண்டு, சென்னை வழக்குகள். ஒன்று செண்பகம் துரைராஜன் வழக்கு. கல்லூரி இடங்களைச் சாதிவாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணை சமத்துவத்துக்கு எதிரானது என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தமிழ்நாடு கொதித்தது, பெரியார் போராட்டம் நடத்தினார், பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) என்ற உட்பிரிவு வந்தது. இன்னொன்று ரொமேஷ் தாப்பர் வழக்கு. அவர் நடத்திய இடதுசாரிப் பத்திரிகைக்குச் சென்னை அரசு போட்ட தடையை 1950-இல் நீதிமன்றம் நீக்கியது. அதற்குப் பதிலடியாக அதே திருத்தம், பொது ஒழுங்கு என்ற காரணத்தைச் சேர்த்துப் பேச்சுரிமைக்குக் கடிவாளம் போட்டது.

ஒரே காகிதத்தில் ஒரு கையால் கொடுத்து ஒரு கையால் எடுத்தார்கள். பழைய லிபரல் இரண்டையும் எதிர்த்திருப்பார். நான் முதலாவதைக் கொண்டாடுகிறேன், இரண்டாவதை எதிர்க்கிறேன். சாதி ஒருவரைத் தனிமனிதராக இருக்கவே விடாத நாட்டில், தனிமனித உரிமைக்குப் போகும் வழி 15(4) வழியாகத்தான் போகிறது. இதைச் சொல்வதால் என்னை லிபரல் பட்டியலிலிருந்து யாராவது நீக்கினால் நீக்கட்டும், பெயர் சொல்லாத மனைவிமார் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன்.

ஏப்ரல் 28

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது. அதே முதல் திருத்தம் பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகள் நியாயமானவையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் உள்ளே வைத்தது. அந்த நிபந்தனை இல்லையென்றால், கட்டுப்பாடு அளவு மீறியதா என்று பிற்காலத்தில் நீதிமன்றத்தில் வாதாடுவதற்கே இடம் குறைந்திருக்கும். கடிவாளம் போட்டவர்களே ஒரு துளையையும் விட்டு வைத்தார்கள். நேருவின் அமைச்சரவையில் யார் அதை வற்புறுத்தியிருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

மே 11

"பின்னோக்கிப் போனால் என்ன செய்வீர்கள்?" தம்பியின் கேள்வி, இம்முறை கோபம் இல்லாமல்.

போயிருக்கிறோம். ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் உடைத்தது. நான்கு ஆண்டு வெளிச்சத்தில் நடந்தவர்களை 2013-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி குற்றவாளி ஆக்கியது. என்னிடம் படித்த ஒருவன் அந்த நான்கு ஆண்டுக்குள்தான் வீட்டில் உண்மையைச் சொல்லியிருந்தான். தீர்ப்பு வந்த வாரம் தொலைபேசியில், "சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா டீச்சர்?" என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் என்பது முக்கியமில்லை, எதுவும் உதவியிருக்காது. 2018 செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் அதை மறுபடி உடைத்தார்கள். அவன் இப்போது வேறு நாட்டில் இருக்கிறான், திரும்பி வரும் எண்ணமில்லை. எங்கள் வெற்றிப் பட்டியலில் அந்த ஐந்து ஆண்டு ஒரு வரிகூட எடுத்துக்கொள்வதில்லை, அவனுக்கு அது இளமை.

நெருக்கடி நிலையின்போது, 1976-இல், ஒருவரைக் காரணமின்றிச் சிறைவைத்தாலும் அவர் நீதிமன்றம் வர முடியாது என்று நான்கு நீதிபதிகள் எழுதினார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார், தலைமை நீதிபதி பதவி கைநழுவியது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமை வழக்கில் அந்தப் பழைய தீர்ப்பைத் தவறென்று தள்ளினார்கள். 2017 தீர்ப்பின் முதன்மைப் பகுதியை எழுதிய நீதிபதி சந்திரசூட்டின் அப்பா, 1976-இல் அந்த நான்கு பேரில் ஒருவர். எங்கள் வீட்டுப் பங்குச் சண்டையைவிட நல்ல குடும்பக் கதை.

தோற்றவர் எழுதிவைத்த பக்கம் கோப்பில் கிடந்து, நாற்பத்தோரு ஆண்டு கழித்து எடுத்துப் படிக்கப்பட்டது. அதற்குள் சிறையிலிருந்தவர்கள் பட்டதற்கு யாரும் ஈடு செய்யவில்லை. தம்பிக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். இது போதாது என்று அவர் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன்.

ஜூன் 6

முடிவுகள் வந்துவிட்டன. எல்லோரும் பாஜகவுக்கு 240, அதன் கூட்டணிக்கு 293 என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நான் எண்ணியது 74. மக்களவைக்கு வென்ற பெண்கள். 2019-இல் 78. முதன்முதலில் 1996-இல் கொண்டுவந்த மகளிர் ஒதுக்கீட்டை 2023-இல் நிறைவேற்றி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகு அமல் என்று எழுதி வைத்த நாட்டில், அதற்கடுத்த தேர்தலில் நான்கு குறைகிறது. கட்சிகளுக்கு வேட்பாளர் பட்டியலில் பெண்களைச் சேர்க்க எந்தக் கணக்கெடுப்பு தேவைப்பட்டது என்று எனக்குப் புரியவில்லை.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாடு 2016-இல் சட்டம் செய்தது. உடனே தலைவரின் கணவர் என்று ஒரு பதவி தானாக முளைத்தது. என்னிடம் படித்த பெண் ஒருத்தி தலைவரானாள். முதல் முறை பார்க்கப் போனபோது நாற்காலியில் கணவர், அவள் தேநீர் கொண்டுவந்தாள். ஒன்றரை ஆண்டு கழித்துப் போனபோது அவள் நாற்காலியில், கணவர் வாசலில் யாரிடமோ, "மேடம் மீட்டிங்கில் இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். ஒப்பந்தக்காரர் ஒருவர் தப்பான பில்லில் கணவரிடம் கையெழுத்து வாங்கப் பார்த்திருக்கிறார். தணிக்கையில் மாட்டினால் காசோலையில் கையெழுத்துப் போட்ட நான்தானே பதில் சொல்ல வேண்டும், அதனால் படிக்க ஆரம்பித்தேன் டீச்சர் என்றாள்.

ஜூன் 7

தம்பி எழுதியிருக்கிறார். "ஒப்புக்கொள்கிறேன், சுயமரியாதைத் திருமணம் மட்டும்."

போதும்.

ஜூன் 16

பிப்ரவரியில் எழுதிய அந்தப் பெண் வாசகரின் தங்கை இப்போது கேட்டிருக்கிறார். அவரிடமும் விடுதலைப் பத்திரம் கொண்டுவந்திருக்கிறார்களாம், நாளை மறுநாள் பதிவு அலுவலகம் வரச் சொல்கிறார்களாம்.

அம்மா, நாளை மறுநாள் போகாதீர்கள். காய்ச்சல் என்று சொல்லுங்கள். பத்திர நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். முக்கியமாக, 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்த பாகப்பிரிவினை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் கணக்கு வேறு, அதைத் தொட முடியாது. அப்பா தானே சம்பாதித்து வாங்கியதா, தாத்தா வழி வந்ததா என்பதையும் கேளுங்கள், இரண்டுக்கும் விதி வேறு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்தில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் வக்கீல் தருவார்கள், காகிதங்களோடு அங்கே போங்கள். அக்காவையும் அழைத்துப் போங்கள், அவர் போட்ட கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.